கம்பளியால் அளந்த வாசல்

எங்கள் வீட்டில் அளவு சம்பந்தமான எந்தப் பேச்சிலும் எனக்கு வாக்குரிமை கிடையாது. அலமாரி வாங்கினாலும் சரி, திரைச்சீலை தைத்தாலும் சரி, யாருக்காவது செருப்பு வாங்கினாலும் சரி, நான் வாயைத் திறக்குமுன் என் தம்பி பிரான்சிஸ் கேட்டுவிடுவான்: "அளக்குறது டேப்புலயா, கம்பளியிலயாக்கா?" உடனே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கதையில் அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் மின்கட்டண ரசீதைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.

இதில் பெரிய கேவலம் என்னவென்றால், அளவு பார்ப்பதுதான் என் பிழைப்பே. புஞ்சாக் ஆலாமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. சாப்பாட்டு டப்பா செய்கிறார்கள். அந்த டப்பாவுக்கு மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கக் கையில் ஓர் அளவுக்கருவி. ஒரு மூடி மயிரிழை பெரிதாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். பதினொரு வருடம் இதைச் செய்தவள், சொந்த அப்பாவுக்கு ஒரு வாசலை ஒழுங்காக அளக்கத் தெரியாமல் போனேன்.

அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஜெராமுக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்தோம். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அவருக்குப் பல வருடத் துணை. எங்களைவிட அதிகமாக அவரோடு இருந்தது அதுதான். காலில் ஒரு சின்னப் புண் வந்தது. "கொசு கடிச்சிருக்கும் லா" என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த மறுநாள் அவர் அழவில்லை. எங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சோறு ஊட்டுங்க, துணி மாத்துங்க, என்ன வேணாலும் செய்ங்க. தண்டாசுக்கு மட்டும் என்னைய யாரும் தூக்கிட்டுப் போவக் கூடாது. நானேதான் போவேன். அதுக்கு வழி இருந்தா வூட்டுக்கு வரேன். இல்லாட்டி இங்கயே கெடக்குறேன்."

எங்கள் வீட்டில் தண்டாசு, அதாவது கழிப்பறை, குளியலறைக்குள்தான். அதன் வாசலில் அம்மாவே கொஞ்சம் ஒருக்களித்துத்தான் நுழைவார். சக்கர நாற்காலி எங்கே போவது? அப்பா வீடு திரும்ப இருந்தது பத்து நாள். வேலைக்கு ஆள் கேட்டால் மூன்று வாரம் கழித்து வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், செய்வதாகக்கூட இல்லை, பார்ப்பதாக. பிரான்சிஸ் ஏர்கோன், அதாவது குளிர்சாதனப் பெட்டி, மாட்டுகிற வேலையில் இருப்பவன். சுவரில் ஓட்டை போடத் தெரியும். "ஓட்டைய பெருசா போட்டா வாசல்" என்றான். அந்த அளவு ஞானத்தோடு நாங்கள் வீட்டு வேலையில் இறங்கினோம்.

போதாத குறைக்கு நான் ஒரு போர்வையும் பின்னிக்கொண்டிருந்தேன். (இந்த ஊர் வெயிலில் கம்பளிப் போர்வையா என்று கேட்காதீர்கள். வார்டு ஏர்கோனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு கேளுங்கள்.) கால் போனதிலிருந்து அப்பாவுக்குக் குளிர் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வை போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

ஆக, அந்தப் பத்து நாளும் எனக்கு மூன்று பைகள். வேலைப் பை, பின்னல் பை, ஆணியும் சுத்தியலும் போட்ட பை. மூன்றும் ஒரே மோட்டார் சைக்கிளில். எந்தப் பொருளும் அதற்குரிய பையில் ஒருநாளும் இருந்ததில்லை. தொழிற்சாலை வாசலில் காவல்காரர் என் வேலைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். சிமெண்டு குழைத்த வாளியிலிருந்து பின்னல் ஊசி கிடைத்தது. ஒருநாள் அளவுத் தாளில் மூடியின் அகலத்துக்கு நேரே என் பின்னல் வரிசையின் கண்ணி எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "இந்த மூடிக்கு டப்பா எங்க இருக்கு, எனக்குக் காட்டு" என்றார். இரண்டு ஓடத்தில் கால் வைத்தவனுக்கே கதி என்னவென்று நமக்குத் தெரியும். எனக்கு மூன்று ஓடம், அதுவும் மூன்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சக்கர நாற்காலியை எங்கள் ஜெபக் கூட்டத்தினர் சேர்ந்து வாங்கி, நேராக வார்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது பிரான்சிஸ் போன் செய்தான்.

"அக்கா, வீல்சேர் எவ்ளோ அகலம்? இன்னிக்குச் செவுர ஒடைச்சாத்தான் நாளைக்கு நிலை வெக்கலாம்."

பையைத் துழாவினேன். இரும்பு டேப் பிரான்சிசிடம். என் துணி டேப் தொழிற்சாலை மேசையில். பின்னல் பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. மடியில் பின்னல் இருந்தது. போர்வையின் நான்கு ஓரத்திலும் வைத்துத் தைப்பதற்காகத் தனியாகப் பின்னிய நீளப் பட்டை, மூன்று விரல் அகலம்.

"இது போதும்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக முட்டாள்தனமான இரண்டு சொற்கள் அவை.

ஒரு சக்கரத்தின் ஓரத்தில் பட்டையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார். மறு சக்கரத்துக்கு நான் கொண்டுபோனேன். பட்டை நடுவில் லேசாகத் தொய்ந்தது.

"நல்லா இழுத்துப் புடி மா" என்றார் அப்பா. "முப்பது வருசம் லோட்டுக்குக் கயிறு கட்டுனவன் சொல்றேன். தொய்ஞ்சுது, அளவு போச்சு."

ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் ஒரு வேலையைப் பற்றி உற்சாகமாகப் பேசியது அதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்தில் நானும் இழுத்தேன். அவரும் இழுத்தார். பட்டை வீணைத் தந்தி மாதிரி நின்றது. சரியான இடத்தில் ஊக்கைக் குத்தினேன். பின்னல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இது முதல் நாள் ஊசி பிடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நிமிடம் மட்டும் தெரியவில்லை.

வீட்டில் பிரான்சிஸ் பட்டையைத் தரையில் போட்டு அளந்தான். கை படாமல் இருக்க ஓர் அங்குலம் கூட்டிக்கொண்டான். பிறகு பட்டையைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, இது கம்பளியா இருக்கே, ஷுவரா?" என்றான்.

"டேய், நான் அளவு பாக்குற வேலையில இருக்கேன். எனக்கே சொல்லித் தர்றியா?"

அவன் அந்த அளவுக்கே சுவரில் கோடு போட்டான். பெரியவர்கள் பேச்சைக் கேட்கிற பழக்கம் அவனுக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

அப்பா சனிக்கிழமை வந்தார். காலையில்தான் நிலைக்குச் சாயம் பூசி முடித்திருந்தேன். கூடத்தில் ஜெபக் கூட்டத்தினர் பத்துப் பேர், பாட்டுப் புத்தகத்தோடு. அப்பா புதுப் போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே வந்தார். வந்ததும் என் காதில், "காலையிலருந்து அடக்கி வெச்சிருக்கேன் மா. நம்ம வூட்ல போவணும்னு" என்றார்.

நான் முன்னால் ஓடிக் குளியலறைக்குள் நின்றுகொண்டேன், ஈரத் தரையில் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ள. அப்பா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். கூடத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

முன் சக்கரம் நுழைந்தது. பெரிய சக்கரம் நிலையில் இடித்து நின்றது.

"சாயம் லா, ஒட்டுது" என்றேன் உள்ளேயிருந்து. "ஒரு தள்ளு தள்ளுடா."

பிரான்சிஸ் தள்ளினான். ஏர்கோனைத் தோளில் தூக்கிப் படியேறுகிறவன். நாற்காலி கொஞ்சம் சரிந்து, ஒரு சக்கரம் உள்ளேயும் ஒரு சக்கரம் வெளியேயுமாக இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அரை அங்குலம்தான் குறை, பிறகு அளந்து பார்த்தோம். அப்பா வாசலை அடைத்துக்கொண்டிருந்தார். நான் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டேன். அவர் முகமும் என் முகமும் ஒரு முழ தூரத்தில்.

வெளியே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் சவர்க்காரம் தடவச் சொன்னார். இன்னொருவர் சமையல் எண்ணெய் என்றார். ஜெபம் நடத்துகிற அக்கா, பாட்டைத் தொடரலாமா வேண்டாமா என்று கேட்டார். பிரான்சிஸ் இழுத்தான்.

அப்போதுதான் அப்பாவின் முகம் மாறியது. "ஸ்டெல்லா" என்றார், மெதுவாக. அவ்வளவுதான். குனிந்து பார்த்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரோங் நனைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதில் அவர் என்னை அடித்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

தோளிலிருந்த போர்வையை இழுத்து அவர் மடியில் போட்டேன். தரை வரை தொங்கவிட்டேன். பத்து நாள் பின்னிய போர்வை, ஒரே நொடியில் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்து, லோரியை ரிவர்ஸ் எடுக்கும்போது போடுவாரே, அந்தக் குரலில் கத்தினார்:

"அடேய், கேட்டீங்களா கூத்த! என் மவ வாசல எதுல அளந்தா தெரியுமா? கம்பளியில! தொழிற்சாலையில மூடி அளக்குறவ, அப்பன கம்பளியில அளந்துருக்கா!"

வீடே சிரித்தது. ஜெபம் நடத்துகிற அக்கா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை கண்ணும் அப்பாவின் மடியை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. அவர் விடவில்லை. ஊக்கு குத்தினதைச் சொன்னார், பையில் ஸ்பேனர் இருந்ததைச் சொன்னார். பட்டையை இழுக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "ஆமா லா, புத்தி கெட்டுப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு நன்றாகவே நடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை எல்லோரும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பின் பலத்தில் பிரான்சிஸ் இன்னொரு முறை இழுத்தான். நாற்காலி வந்தது. கூடவே நிலையும் வந்தது. அவன் வைத்த சிமெண்டுக்கு அவ்வளவுதான் ஆயுள். கழுத்தில் மாலை மாதிரி நிலையை மாட்டிக்கொண்டு அப்பா பின்னோக்கி வந்ததைப் பார்த்து அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நிலை போனபிறகு வாசல் சரியான அளவில் இருந்தது. அப்பா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். யாரும் தூக்கவில்லை. நான் மாற்றுச் சாரோங்கை ஒரு துண்டில் சுற்றி உள்ளே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருடம் இருந்தார். அந்த வாசலுக்குக் கடைசிவரை நிலை வைக்கவில்லை. திரைச்சீலைதான். வருகிறவர்கள் எல்லோரும் ஏன் கதவில்லை என்று கேட்பார்கள். அப்பா கம்பளிக் கதையை ஆரம்பிப்பார். சொல்லச் சொல்ல என் முட்டாள்தனம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் நான் வீட்டையே கம்பளியால் அளந்ததாகச் சொன்னார். நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் இறந்த அன்று சவப்பெட்டிக்காரர் வந்து, "ஐயா எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் மூத்தவளான என்னைப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "தம்பி, அவகிட்ட மட்டும் கேக்காதீங்க. அவ கம்பளியில அளப்பா" என்றார். சாவு வீடு சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது.

பிரான்சிஸ் இரும்பு டேப்பைக் கொண்டுவந்தான். அவன் தலைமாட்டில் பிடித்தான், நான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒற்றைக் கால் பக்கம் பிடித்தேன். டேப்பை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

"ரொம்ப இழுக்காதக்கா" என்றான்.

இழுக்கச் சொன்னவர் வாயைத் திறக்காமல் படுத்திருந்தார். நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.