காலியா, எலியா?

காலிக் குப்பிக்காகச் சித்தப்பாவோடு சண்டை போட்டவள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எனக்குப் பேர். அது காலிக் குப்பி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் நம்பவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி. எலியின் செல்மேல் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு புரதம்தான் என் ஆராய்ச்சி. அதற்கான எலி மரபணுவை வேறொரு செல்லுக்குள் புகுத்தி, புரதத்தைப் பிரித்தெடுத்து, உலர்த்தி, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அனுப்பியிருந்தது. எட்டு மாதம் காத்திருந்து வந்த ஒரே குப்பி. உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது. அதைச் சென்னையில் வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, ரயிலில் நேராக வந்து சேர வேண்டும் என்பது பேராசிரியர் உத்தரவு.

நேராகத்தான் வந்தேன், தென்காசி வரை. (சீசன் நேரம். ஜன்னல் வழியா சாரல் மூஞ்சியில அடிக்குது. எப்படி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது?) அருவியில் ஒரே ஒரு குளியல், மறுநாள் ரயில் என்று சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன்.

தெருவிலேயே ஃப்ரிட்ஜ் இருந்த ஒரே வீடு அது. ஆனால் சித்தி முட்டையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டாள். குப்பியின் லேபிளிலோ அழகாக ஓர் எலிப் படம்! பார்த்தால் குப்பியோடு என்னையும் வெளியே வைத்துவிடுவாள். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குப்பியை ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினேன்.

தலை சொட்டச் சொட்டத் திரும்பியபோது, சித்தப்பா என் குப்பியிலிருந்து மூக்குப்பொடியைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா! அது என் குப்பி!”

“ஐஸ் எடுக்கப் போனேன், பின்னால கெடந்துச்சுட்டி. மூடி நல்லா டைட்டா இருக்கு. பொடி காரம் போவாது.”

“உள்ள இருந்தது எங்க?”

“ஒண்ணும் இல்லியே. வெளிச்சத்துல காட்டிப் பாத்தேன். இருந்தாலும் மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”

மூன்று தடவை! அந்த மனிதர் தன் டம்ளரை ஒரு தடவை கழுவி நான் பார்த்ததில்லை.

“எட்டு மாசம் காத்திருந்த புரோட்டீன்! கண்ணுக்குத் தெரியாது!”

“கண்ணுக்குத் தெரியாதத எதுக்குட்டி அடைச்சு வைக்கே? ஒரு சீட்டாவது எழுதி ஒட்டக் கூடாதா?”

“ஒட்டித்தான் இருந்துச்சு! எலின்னு!” என்று கத்திவிட்டேன்.

சித்தி அடுக்களையிலிருந்து வந்தாள். “ஏட்டி, என் தயிருக்குப் பக்கத்துல எலியா?”

அதற்கப்புறம் பறிகொடுத்தவள் நான் என்பதே யாருக்கும் நினைவில்லை. தயிர் சாக்கடைக்குப் போனது. மஞ்சள் தண்ணீர் விட்டு நான்தான் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன். சித்தப்பா மட்டும் நிதானமாக இன்னொரு சிமிட்டா பொடி உறிஞ்சினார். “எலியா? தும்மல் நல்லாத்தான வருது!”

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “லேபிளை எடுத்தது யார்?” என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம். அடுத்த குப்பி வர இன்னும் பத்து மாதம் ஆயிற்று.

பட்டம் வாங்கி ஊருக்குப் போனபோது, அதே குப்பியைச் சித்தப்பா என் கையில் வைத்தார். “இப்ப இது காலியா, எலியா? நீயே பாத்துச் சொல்லு” என்றார். வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

போன மாதம், ஃப்ரிட்ஜிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கழுவக் குழாயடிக்குப் போன என் மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, காலியா, எலியா?”