நதீமின் தனிப்பாட்டுக்கு நான்கு எல்லை

அரசு ஊழியர் பாட்டு வெளியிடுவதென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். நாமக்கல் பக்கம் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருந்த நதீம், விதி என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடுகிறவர்.

ஏழு வருஷமாக ‘ஏர் ஹாரன்’ இசைக்குழுவுக்கு அவர்தான் பாட்டு எழுதுகிறார். வெளியே வரும்போது ‘பாடல்: ஏர் ஹாரன் குழு’ என்று வரும். டிரம்ஸ் தட்டும் நவீன்குமாரும் அந்தக் கவிஞரில் அடக்கம். ஒரே ஒரு பாட்டாவது தன் பெயரில் மட்டும் வரவேண்டும் என்று நதீமுக்கு ஆசை. ‘தனிப்பாடல் வெளியிட அனுமதி கோருதல்’ என்று பொருளிட்டு விண்ணப்பித்தார்.

‘தனி’ என்ற சொல்லுக்கு அகராதியில் பல பொருள் உண்டு. அலுவலகத்தில் ஒன்றுதான்.

“தனின்னு போட்டிருக்கீங்களே நதீம், அப்ப தனி வட்டாட்சியருக்குத்தான் போகோணும்” என்றார் கண்காணிப்பாளர் மஞ்சுளா.

“அவரு பைபாஸுக்கு நெலம் எடுக்கறவருங்களே மேடம்?”

“பாட்டுல என்ன வருது?”

“உன் ஊடு போற பாதையில ஒருத்தனா நடக்கறேன்...”

“பாதை வருதில்ல? அனுப்புங்க.”

தனி வட்டாட்சியர் மோகன்குமார் கோப்பை முழுசாகப் படித்தார்.

“பாதைக்கு சர்வே நம்பர் என்னப்பா?”

“கற்பனைங்க ஐயா.”

“கற்பனைக்கும் நாலு எல்லை இருக்கோணுமில்ல?”

வடக்கே பல்லவி, தெற்கே சரணம், கிழக்கே மெட்டு, மேற்கே விண்ணப்பதாரர் என்று எழுதிக் கொடுத்தார் நதீம்.

பொதுமக்கள் ஆட்சேபிக்க முப்பது நாள் அவகாசம். ஆட்டோவில் மைக் கட்டி எருமப்பட்டி வரை அறிவித்தார்கள். கோப்போடு இணைத்திருந்த, பாட்டுப் பதிவான பென் டிரைவை ஆட்டோக்காரர் ஸ்பீக்கரில் செருகிவிட்டார். முப்பதாம் நாள் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர், டவுன் பஸ் கண்டக்டர், மஞ்சுளா மேடம், எல்லார் வாயிலும் அதே பாட்டு.

ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. உத்தரவு வந்தது:

“‘ஒருத்தனா நடக்கறேன்’ என்று ஊரார் அனைவரும் கூறிவருவது கள ஆய்வில் தெரியவருகிறது. எனவே மேற்படி பாதை பொதுப்பாதை எனத் தீர்மானிக்கப்படுகிறது. அதைத் தனக்கே உரியதெனக் கோரிய திரு. நதீம் ஆக்கிரமிப்பாளர் ஆவார்.”

‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல்லை நதீம் இரண்டு முறை படித்தார். ஆனாலும் அறிவிப்புப் பலகையில், அச்செழுத்தில், முதல்முறையாகத் தன் பெயர் மட்டும்! படம் பிடித்து மனைவி ஹஃப்சாவுக்கு அனுப்பினார்.

மகிழ்ச்சி ஒரு மணி நேரம் நீடித்தது. நவீன்குமார் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார்.

“ஏனுங் பாய், ஏழு வருசம் ஒண்ணா இருந்துபோட்டு இப்பத் தனியா ஆக்கிரமிப்புப் பண்றீங்களா? எங்க பேரெல்லாம் எங்கீங்க?”

“அது குத்தம்ப்பா, விருதில்ல!”

“போர்டுல ஒட்டியிருக்குதுங்களே! நாங்களும் பாடுனமல்ல?”

அதற்குள் வாசலில் வரிசை நின்றுவிட்டது. முட்டைக்காரர், கண்டக்டர், எல்லார் கையிலும் மனு: தம்மையும் ஆக்கிரமிப்பாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சுளா மேடம் வரிசையில் நிற்கவில்லை, உள்ளிருந்தே நீட்டிவிட்டார். “தகுதியுடைய எவரும் விடுபடலாகாது” என்று குறிப்பெழுதிய மோகன்குமார், பட்டியல் போடும் வேலையை நதீமிடமே தந்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு பெயர். அகரவரிசையில் நதீம் இருநூற்று முப்பத்தொன்று.

கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது மோகன்குமார் ஒன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“ஏம்ப்பா, நானும்தான் பாடறேன். என் பேரைக் காணமே?”

“ஐயாவ எல்லாத்தோடயும் சேத்திப் போட்டா மரியாதையா இருக்குங்களா?”

“இருக்காதுதான்.”

அவருக்கென்று வேறொரு தாள் அடிக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.