மரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இந்தச் சொல்லை எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகளும் என் மகனும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு நான் உங்களை எப்படி அழைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ‘முன்னாள் சம்பந்தி’ என்று போட்டுப் பார்த்தேன். பதவி போன அமைச்சர் மாதிரி இருந்தது. ‘ஐயா’ என்று போட்டேன். மனு கொடுப்பது மாதிரி இருந்தது. ஆகவே பழையதே இருக்கட்டும். இங்கே நானும் என் மனைவியும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால், உங்கள் வீட்டம்மாவின் மூட்டுவலியை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.

இது உதவி கேட்டு எழுதும் கடிதமல்ல. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன். உங்கள் தெருக்கோடியில் தொடங்கி என் தெருக்கோடியில் முடிகிற காட்டுப் பாதையில், முன்பெல்லாம் நாம் ஆளுக்கொரு பக்கமிருந்து நடந்து வந்து சந்தித்த பெஞ்சுக்குப் பக்கத்தில், போன புயலில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்துவிட்டது. பெஞ்சு உங்கள் பக்கம் மாட்டிக்கொண்டது. ஒரு புறம் சரிவு, மறுபுறம் ஓடை. நம் வயதுக்குச் சுற்றிப் போகவும் வழியில்லை, ஏறிக் குதிக்கவும் முடியாது. பாதையைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களிடம் போய் முறையிட்டேன். "மெஷின் ரம்பம் இருக்கு, ஓட்டத்தான் ஆள் இல்ல. சான்றிதழ் இல்லாம யாரும் அதுல கை வைக்கக் கூடாது. நீங்களே பயிற்சிக்கு வாங்களேன்" என்றார்கள். வீட்டில் வந்து சொன்னேன். "நீங்க பேசுறதே ரம்பம்தான், தனியா ஒண்ணு எதுக்கு?" என்றாள் மனைவி. இருந்தாலும் போனேன்.

முதல் கண்டம் பாதுகாப்புக் காற்சட்டை. துணிக்குள் அடுக்கடுக்காக நூல் வைத்திருக்கிறார்கள். ரம்பத்தில் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி தப்பித்தவறிக் காலில் பட்டால் நூல் சுற்றிக்கொண்டு ரம்பமே நின்றுவிடுமாம். வீட்டில் போட்டுப் பார்த்தவன் கழற்ற முடியாமல் கட்டிலில் மல்லாந்து கிடக்க, மனைவி ஒரு காலைப் பிடித்து இழுத்த இழுப்பில் காற்சட்டையும் நானும் சேர்ந்தே தரைக்கு வந்தோம். அடுத்தது ரம்பத்தைக் கிளப்புவது. தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கையோடு வந்துவிடும் போல இருந்தது. பயிற்சி தருபவள் என் மகனைவிடச் சின்னப் பெண். பொறுமையாகப் பக்கத்தில் வந்து, "சார், சுவிட்சைப் போட்டுட்டு இழுங்க" என்றாள். ஒருவழியாகக் கிளம்பியது. கட்டைமேல் வைத்தால் புகை வருகிறது, வாசனை வருகிறது, கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. பார்த்தால் சங்கிலியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். பல்லெல்லாம் பின்பக்கம் பார்க்கிறது. "சார், நீங்க அறுக்கல, தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் மாட்டும்போதே சொல்லியிருப்பீர்கள்.

பிறகு பரீட்சை. தனியாக யாரும் அறுக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அறுப்பவன் கண் கட்டையில் இருக்கும், காதிலோ அடைப்பு. ஆகவே அவன் பார்வையில் படும்படி தள்ளி நின்று, மேலே தொங்கும் கிளையையும் கீழே அறுபடும் பிளவையும் கவனித்து, தப்பென்றால் கையை உயர்த்தி நிறுத்த ஒரு துணையாள் வேண்டும். எனக்கு ஒரு பல் டாக்டரைப் போட்டார்கள். தங்கமான மனிதர், யாரையும் குறையே சொல்லாதவர். விழுந்து கிடக்கும் மரம் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்கும்; எது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அறுத்தால் பிளவு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். நான் பார்க்காமல் அறுத்தேன். பிளவு மூடிக்கொண்டே வந்தது. டாக்டர் புன்னகை மாறாமல் நின்றார். கவ்விக்கொண்டது. "ஏன் சார் கை காட்டல?" என்றேன். "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்றார். ஃபெயில்.

அந்தக் கட்டைமேலேயே உட்கார்ந்தேன் சம்பந்தி, எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மரத்தூள் என்றேன். முகமூடிக் கண்ணாடி போட்டிருந்ததால் ஒருவரும் நம்பவில்லை. காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர் நீங்கள். எதன் கீழே நிற்பதானாலும் முதலில் மேலே பார்ப்பீர்கள். நடக்கும்போதெல்லாம் "காலைப் பாத்து வைங்க", "அந்தக் கிளை காஞ்சிருக்கு, தள்ளி வாங்க", "லேஸ் அவுந்திருக்கு பாருங்க" என்று நச்சரித்துக்கொண்டே வருவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது லேஸ் அவிழ்ந்தால் தடுக்கிய பிறகுதான் தெரிகிறது. பிள்ளைகளாவது வக்கீல் வைத்துப் பேசிப் பிரிந்தார்கள். நாம் கோர்ட் வராந்தாவில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றோமே, அத்தோடு சரி. இந்த ஊரில் எனக்கு வேறு சிநேகிதன் இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

போகட்டும். இனிப் பயிற்சிக்குப் போவதாக இல்லை. காற்சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மரம் கிடந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். வீட்டம்மாவுக்கு என் வணக்கம். எனக்கு மருமகளாக இருந்த பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மரத்துக்கு இந்தப் பக்கத்துக்காரன்

பின்குறிப்பு: மறுபரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. துணையாளுக்கு முந்தின நாள் தனியாக ஒரு வகுப்பு உண்டு. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். "அவர் உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டாள் பயிற்சி தரும் பெண். "சம்பந்தி" என்றேன். உங்கள் தலைக்குத் தகுந்தாற்போல் பெரிய ஹெல்மெட்டாக எடுத்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். நடப்பதையே விட்டுவிட்டேன் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். நேற்று கிளைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். ஈரம் படாமல் உட்கார நீங்கள் வழக்கமாக விரிக்கும் செய்தித்தாள் பெஞ்சில் கிடந்தது. இரண்டு பேர் உட்காரும்படிதான் விரித்திருந்தீர்கள்.