மூடுபனி அதிகம், நன்றி

"அம்மா, சண்டை போட ஒரு ஆபீஸ், சமாதானம் பேச ஒரு ஆபீஸ்னு சொன்னியே. அந்த ரெண்டு ஆபீஸும் சண்டை போட்டுக்கிட்டா யாரும்மா சமாதானம் பண்ணுவாங்க?"

முன்பல் விழுந்த வாயோடு மகன் ஒரு நாள் இப்படிக் கேட்டபோது, "சாப்பிடறப்ப பேசாதே" என்று அதட்டித் தப்பித்துக்கொண்டாள் தொலைபேசி அக்கா. இன்று தப்பிக்க வழியில்லை. அந்த மகன் இப்போது எல்லைக் காவலில் சிப்பாய். நேற்று ரோந்து போன ஐந்து பேரில் அவனும் ஒருவன். மூடுபனியில் வழி தவறி அந்தப் பக்கம் போய்விட்டார்கள், இன்னும் திரும்பவில்லை என்று விடியற்காலையில் முகாமிலிருந்து தகவல் வந்திருந்தது.

பக்கத்து நாட்டோடு பேசும் நேரடித் தொலைபேசியைக் கவனிப்பதுதான் அக்காவின் வேலை. தினமும் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், "கேட்கிறதா?" என்று கேட்கும். "தெளிவாகக் கேட்கிறது" என்பாள் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேச அனுமதியும் இல்லை. கருவி ராணுவத்துக்குச் சொந்தம். அதில் பேசும் சொற்கள் வெளியுறவுத் துறைக்குச் சொந்தம். அக்காவுக்குச் சொந்தமாக அங்கே இருந்தது தொண்டை மட்டும்.

ராணுவ அதிகாரிக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் சுத்தியல். வெளியுறவு அதிகாரிக்குப் பஞ்சு. இருவர் அறையும் எதிரெதிரே. ஆனால் யார் யார் அறைக்குப் போவது என்ற கௌரவப் பிரச்சினை தீராததால், அக்காவை நடுவில் ஓடவிட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

காலையில் சுத்தியல் ஓர் அறிக்கை விட்டார்: "நம் வீரர் எவரும் எல்லை தாண்டவில்லை."

அதே நேரத்தில் எதிர் அறையில் பஞ்சு, தூதர் மூலமாக ஒரு வேண்டுகோள் அனுப்பினார்: "எல்லை தாண்டிவிட்ட எங்கள் வீரர்களை அன்போடு நடத்துங்கள்."

அக்கா சுத்தியல் அறைக்கு ஓடினாள்.

"ஐயா, யாரும் போகவே இல்லைங்கறீங்க நீங்க. அவர் போனவங்களைத் திருப்பிக் கேக்கறார்."

"அந்தாளை யாரு கேக்கச் சொன்னது? போனோம்னு ஒத்துக்கிட்டா, தப்பு நம்ம மேல விழும்!"

எதிர் அறைக்கு ஓடினாள்.

"அவருக்கென்னம்மா, வாயா அது? ஓட்டை டமாரம்" என்று பெருமூச்சு விட்டார் பஞ்சு. "நீ கவலைப்படாதே. பதமா ஒரு விளக்கம் அனுப்பிடறேன்."

பதமான விளக்கம் போனது: "எவரும் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அன்போடு நடத்துங்கள்."

பதில் சுருக்கமாக வந்தது: "எங்களிடம் எவரும் இல்லை."

அந்தத் தாளோடு அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். பிடிபட்டிருந்தால் இருக்கிறார்கள் என்றல்லவா சொல்வார்கள்? இல்லையென்றால் என்ன அர்த்தம்? அந்த நினைப்பை முழுதாக நினைக்கப் பயந்து, "கடவுளே, நீயே பார்த்துக்கோ" என்றாள். கடவுளுக்குத் தனித்தனி அலுவலகங்கள் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி!

"மறைக்கிறான்!" என்று கர்ஜித்தார் சுத்தியல். "பேச்சுக்குப் பின்னால பலம் தெரியணும்." பீரங்கிகள் எல்லைக்கு நகர்ந்தன.

"பலத்துக்குப் பக்கத்துல ஒரு புன்னகையும் தெரியணும்" என்றார் பஞ்சு. "பயிற்சிதான், பார்க்க வாருங்கள்" என்று அழைப்பு அனுப்பினார்.

அவர்கள் வந்தார்கள், தங்கள் பீரங்கிகளோடு.

அக்கா இருவர் வாசலுக்கும் நடுவே நின்று கைகூப்பினாள். "உங்க ரெண்டு பேரையும் கும்பிட்டுக் கேக்கறேன். என் அறைக்கு வாங்க. அது யாரோட அறையும் இல்லை. அந்தப் பக்கத்தோட ஒரு தடவை நேரா பேசிடலாம்."

வந்தார்கள். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. யார் உட்காருவது என்று தீராமல் இருவரும் நின்றார்கள். நின்றபடியே, அந்தப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தியை எழுதித் திருத்தினார்கள்.

"'ஐந்து பேர்' வேணாம். எண்ணிக்கை ராணுவ ரகசியம்" என்று அடித்தார் சுத்தியல்.

"'வீரர்கள்' வேணாம். யுத்த வாடை அடிக்குது" என்று அடித்தார் பஞ்சு.

"'தயவுசெய்து'ங்கறது கெஞ்சல்."

"'இல்லையேல்'ங்கறது மிரட்டல்."

கடைசியில் மிஞ்சியதை அக்கா கையில் கொடுத்தார்கள்: "வணக்கம். மூடுபனி அதிகம். நன்றி."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என் புள்ளை எங்கய்யா இருக்கான்?"

"அந்த நன்றிக்குள்ள எல்லாம் அடங்கியிருக்கும்மா" என்றார் பஞ்சு.

இரு துறைகளும் ஒரு செய்தியில் ஒத்துப்போன அதிசயத்தை அமைச்சரிடம் யார் முதலில் சொல்வது என்ற கேள்வி அப்போதுதான் இருவருக்கும் உதித்தது. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள்.

அக்கா தனியாக நின்றாள். தொலைபேசியை எடுத்தாள்.

"கேட்கிறதா?"

"தெளிவாக..." தாளைப் படித்தாள். "வணக்கம். மூடுபனி அதிகம். நன்றி." படித்து முடித்ததும் அழுகை பீறிட்டது.

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து வந்தது. "அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லைம்மா."

"அழாதீங்க. உங்க பையன் காலைச் சாப்பாட்டுக்கே உங்க முகாமுக்குத் திரும்பிட்டான். அஞ்சு பேரும்தான். எங்க காவல்காரங்க எல்லை வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்க. எங்ககிட்ட யாரும் இல்லைன்னு நெஜத்தைத்தான் சொன்னோம்."

அக்கா அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்ப முகாம்ல ஏன் யாருமே சொல்லலை?"

"போகவே இல்லைன்னு உங்க ஐயா அறிவிச்சுட்டாரே! போகாதவங்க திரும்பி வந்துட்டாங்கன்னு எந்த முகாம்ல சொல்லுவாங்க? எங்க பக்கமும் கதை அதேதான். வந்தவங்களைப் பிடிக்காம அனுப்பிட்டோம்னு யார் வாயைத் திறப்பாங்க?"

"ஐயோ, பீரங்கியெல்லாம் நகர்த்திட்டாங்களேம்மா..."

"எங்க ஆளுங்க எனக்குக் குடுத்த தாள்லயும் பனியைப் பத்தித்தான் இருக்கு. எதிராளி இறங்கி வந்துட்டான்னு ரெண்டு பக்கமும் நினைச்சுக்கிட்டு பீரங்கியைத் திருப்பிடுவாங்க. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

"தாயே, இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"செய்தாச்சு அக்கா. போன மழையில உங்க பக்கம் வழி தவறி வந்த எங்க காவல்காரன் ஒருத்தனை, உங்க பையன் யாருக்கும் தெரியாம கூட்டிட்டு வந்து விட்டான். அது என் தம்பி. இந்த போன்ல பேசறது தன் அம்மாதான்னு உங்க பையன் அப்பவே அவன்கிட்ட சொல்லியிருக்கான். இன்னிக்கு இருட்டுல உங்க பசங்களுக்கு முன்னால நடந்து வழி காட்டினதும் அவன்தான்."