எல்லோருக்கும் உன் பெயர் விழுந்த கல்யாண வீடியோ

சின்னமனூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நாகஜோதிக்கு, உன் வீட்டுக்காரன் வேல்பாண்டி எழுதுவது. இங்கே நானும், நம் வீடியோ ஸ்டுடியோவும், நீ தொட்டியில் வைத்துவிட்டுப் போன செம்பருத்தியும் சுகம். எர்ணாகுளத்தில் நீயும் உன் புதுக் கம்பெனிக்காரர்களும் சுகமாயிருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொண்டேன். போனில் கூப்பிட்டால் "வேலையா இருக்கேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும் என்றுதான் எழுதுகிறேன். உன்னை வரச்சொல்லி அல்ல. எனக்கு ஒரே ஒரு பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சுருளிப்பட்டி அம்மாவாசி அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நீ செய்து வைத்த டைட்டில் டெம்ப்ளேட்டைத்தான் போட்டேன். முத்துமாரியம்மாள் என்று அடித்தால் பெயருக்குப் பின்னால் உள்ள பச்சைப் பட்டை தானாக நீளுது, ஓவியா என்று அடித்தால் தானாகச் சுருங்குது, என்ன மாயம் பண்ணி வைத்தாயோ, அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில்தான் சனி பிடித்தது. அண்ணன் அறுபத்துமூன்று பெயர் எழுதிக் கொடுத்தார், தாய்மாமன் பெயர்தான் முதலில் வரணும், ஒருத்தர் விட்டுப்போனாலும் நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது என்று. எல்லாம் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் பெயரெல்லாம் நாய் துரத்தின மாதிரி ஓடுது. ஓடும் நேரத்தை இழுத்துவிட்டேன், ஒரு பெயர் ஏறி மறைவதற்குள் நான் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். ஒருவழியாக நடுவாந்தரமாக நிறுத்தி, எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் ஒரு பெயர் சேர்க்கலாம் என்று தோன்றியது. டைட்டில்: நாகஜோதி. ஆமாம், நான்தான் சேர்த்தேன். சிரிக்காதே. அதை அந்த வரியில் அடிக்காமல் மூல டெம்ப்ளேட்டைத் திறந்து அதில் அடித்துவிட்டேன், அங்கே மாற்றினால் எல்லா வரியும் மாறும் என்று தெரியாமல். கடைசி வரியை மட்டும் பார்த்தேன், உன் பெயர் அழகாக நின்றது, அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேலே என்ன ஆனது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டுக் கறிவிருந்து வைத்து, திராட்சைத் தோட்டத்துக் களத்தில் பெரிய டிவியை வைத்துப் போட்டார். தாய்மாமன்: நாகஜோதி. பெரியப்பா: நாகஜோதி. மாப்பிள்ளைத் தோழன்: நாகஜோதி. சமையல், பந்தல், மேளம், எல்லாம் நாகஜோதி. அறுபத்துமூன்று நாகஜோதி, நீ போட்ட பூ வேலைப்பாட்டோடு வரிசையாக ஏறிப்போகுது. தாய்மாமன் சுரேஷ்கண்ணன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான்.

"சீர்த்தட்டுச் சொமந்தது நானு, பேரு எவுகளுக்கோவா? யாருய்யா அது?"

அம்மாவாசி அண்ணன் நிதானமாகக் கேட்டார். "ஏப்பா வேல்பாண்டி, எங்க வீட்டுக் கல்யாணத்துல ஒத்த ஆளா இம்புட்டு வேல பாத்திருக்காக, அவுகளுக்கு ஒரு எலை போட்டமா இல்லையா?"

களமே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அண்ணன் சம்சாரம் கருத்தம்மாள் மதினிதான் குழம்பு வாளியோடு நின்று, "அது இவரு சம்சாரம்ங்க. ராப்பகலாப் பேரு அடிச்ச பிள்ள. அது பேர மட்டும் எங்கனயும் போடலன்னுதான் கெளம்பிப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கிளம்பின அன்றைக்கு நீ, "கேமராவும் வேல்பாண்டி, எடிட்டிங்கும் வேல்பாண்டின்னா அப்ப நான் யாரு?" என்று கேட்டதும், "வீட்டு ஆளுக்கு எதுக்குப் பேரு?" என்று நான் சொன்னதும் அந்தக் களத்தில் வைத்துத்தான் எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. கறியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஆகையால் அறுபத்துமூன்று பெயரைத் திரும்ப மாற்றுவதற்கு எந்தப் பட்டன் என்று மட்டும் எழுது. எனக்காக அலைய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், வீடு அமைதியாக இருக்கிறது. உன் நாற்காலியில் துணி காயப்போடுகிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. போனில் யாரையோ "சேட்டா" என்று கூப்பிட்டாயே, அது யார் என்று நான் கேட்கவும் இல்லை.

உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். எர்ணாகுளத்து மழையில் நனையாதே, உனக்குச் சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
வேல்பாண்டி

பின்குறிப்பு: பட்டன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தெரிந்துவிட்டது. பெயரெல்லாம் சரி பண்ணிச் சுரேஷ்கண்ணன் கையில் பென்டிரைவைக் கொடுத்தாச்சு. நாற்காலியில் துணி ஒன்றும் இல்லை, காலியாகத்தான் கிடக்கிறது. சாப்பாடு, தூக்கம் என்று எழுதியதும் பொய். கடைசி வரி மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டியல் ஓடும் நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கடைசி வரி ஐந்து நொடி அசையாமல் நிற்கிற மாதிரி நீ பூட்டி வைத்திருக்கிறாய். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து நொடி எனக்குப் பத்தவில்லை, நாகு. பதில் எழுதாதே, குமுளி பஸ் ஏறு.