சம்பந்தப்பட்டவர்கள் உடனே வரவும்

ஒத்தக்கடை தாண்டி எங்கள் ஊர். அங்கே மைக்செட்டின் குரல் கேட்காமல் ஒருத்தருக்குக் காது குத்தியதும் இல்லை, கல்யாணம் நடந்ததும் இல்லை. மைக்செட் என்பது ஆளின் பட்டப்பெயர்; ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார், அறிவிப்பும் அவரேதான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். திருவிழா என்றால் விடிகாலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கரை அலறவிடுவதால் பாதி ஊர் அவரைச் சபித்தது. எந்த ஏழை வீட்டு விசேஷத்தையும் ஜமீன் விசேஷம்போல முழங்கியதால் மீதிப் பாதி கொண்டாடியது. மில்லில் இரண்டாவது ஷிப்ட் பார்த்த நான் சபிக்கிற பாதி.

தொண்ணூறுகளில் வந்த ஊராட்சித் தேர்தலில், குரலை நம்பித் தலைவருக்கு நின்றார். ஊரில் குடிதண்ணீர் கிடையாது. பெண்கள் மைல் கணக்கில் குடம் சுமந்தார்கள், என் மனைவியும்தான். எதிர்த்து நின்றவர் ரிட்டயரான ஊராட்சி கிளார்க். எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கும் என்று அறிந்தவர். மைக்செட்டுக்கு மனு எழுதவே வராது.

ஊருக்கு ஒரே மைக்செட் என்பதால் கிளார்க்கும் அவரையே பிடித்தார். இவரும் மறுக்கவில்லை. காலையில் ஆட்டோவில், "அனுபவம் மிக்க அண்ணன்! பூட்டு சாவிக்கு உங்கள் பொன்னான வாக்கு!" சாயங்காலம் அதே ஆட்டோவில் தனக்காக, "உங்கள் வீட்டுப் பிள்ளை! கத்தரிக்காய்க்கு உங்கள் பொன்னான வாக்கு!"

"என்னண்ணே, எதிராளிக்கு ஓட்டுக் கேக்குறீங்க?" என்றேன்.

"அது தொழிலு மாப்ள. இது தேர்தலு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"அவரு அனுபவம் மிக்கவருன்னு வேற சொல்றீங்க?"

"உள்ளதத்தானப்பா சொல்றேன்!"

கிளார்க்கின் பெருமையையும் இவர் குரலிலேயே கேட்டதில் ஜனங்களுக்கு இவர்மேல்தான் மதிப்புக் கூடியது. அமோகமாக ஜெயித்தார். நான் கிளார்க்குக்குப் போட்டிருந்தேன்.

தலைவரானதும் யார் என்ன குறை சொன்னாலும் நேரே மைக்கைப் பிடித்தார். "நாலாவது தெருவில் விளக்கு எரியவில்லை! சம்பந்தப்பட்டவர்கள் உடனே வரவும்!" ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் என் மனைவி காலிக் குடத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தச் சம்பந்தப்பட்டவரே நீங்கதான்."

ஆடிப்போய்விட்டார். அதன்பிறகு யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். தப்பும் தவறுமாய் எழுதிக் கொடுத்த மனுவெல்லாம் திரும்பி வந்தது. கோடையில், லாரித் தண்ணீரும் நின்றுபோன ஒருநாள், ஸ்பீக்கர் குழாய் பேசியது.

"அன்பார்ந்த பொதுமக்களே! அம்புட்டுப் பேருட்டயும் கெஞ்சிப் பாத்துட்டேன். எனக்கு இந்த வேல தெரியல. கிளார்க்கு அண்ணே, எங்க இருந்தாலும் வாங்க. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

கிளார்க் மூன்று நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுப் பேனாவோடு வந்தார். அடுத்த கோடைக்குள் தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள், நூல் மாதிரிதான் வந்தது, ஆனால் வந்தது.

பிறகு எத்தனையோ தேர்தல். பிரபலத்துக்கும் போட்டுப் பார்த்தேன், அனுபவத்துக்கும் போட்டுப் பார்த்தேன். விரல் மைதான் மிச்சம். "எனக்குத் தெரியவில்லை" என்று ஊரறியச் சொன்ன தலைவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனுக்கு ஓட்டுப் போடாமல் விட்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.