பிரஷர் ஏறாத ரிப்பேர்

இனி கோபப்படுவதில்லை என்று நான் முடிவு செய்தபோது எனக்குக் கடும் கோபம்.

திருப்பதி டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, "நூற்றெழுபது" என்றார். வீட்டில் ரிப்பேர் வேலை தொடங்கப் போவதைச் சொன்னேன். "வீட்டு ரிப்பேரா? டென்ஷன் இல்லாமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள்" என்றார். நான் ஆந்திர எல்லையோர நகரியில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறவன். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, எனக்குக் கொஞ்சுகிற குரலும் கத்துகிற குரலும் ஒன்றாகிவிட்டன.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடை ரங்கன் கேட்டான்:

"அண்ணே, நூத்தி எழுபதாமே?"

பஸ் ஏறும்போது என் மனைவி தேவசேனாவுக்கு மட்டும்தான் போனில் சொன்னேன். நான் புத்தூர் தாண்டுவதற்குள் என் ரத்தம் தெரு முழுக்க ஓடியிருக்கிறது.

எல்லாம் எங்கள் சமையலறை ஜன்னல் செய்கிற வேலை. ஒன்றரை முழ ஜன்னல். வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் சுந்தரி வீடு. அந்த ஜன்னலில் ஒரு தலைக்குத்தான் இடம். சுந்தரி முகத்தை வைத்துக்கொண்டால், அவள் மாமியார் கமலம்மாவும் நாத்தனார் மல்லிகாவும் பின்னால் நின்று எக்கிக்கொண்டிருப்பார்கள்.

அன்றே திட்டம் போட்டேன். பெயரும் வைத்தேன்: பிரஷர் ஏறாத ரிப்பேர். வேலை நடக்கிற நாலு நாளும் நான் திருச்சானூரில் தங்கை வீட்டில் இருப்பேன். போன் ஆஃப். செய்ய வேண்டியதெல்லாம் காகிதத்தில் இருக்கும். தூசி தேவசேனாவுக்கு, நிம்மதி எனக்கு.

"அந்த ஜன்னலை அடைக்கப் போறேன்" என்றேன்.

தோசைக் கரண்டி நின்றது. "காத்துக்கு?"

"ஃபேன் போட்டுக்கோ."

"அடுப்பு அணைஞ்சிடும்."

"அப்ப போடாத!"

"காலைல அஞ்சு மணிக்கு வந்து நிக்கறேன் இந்த அடுப்பாண்ட. இருபத்தாறு வருசமா வெந்துக்கினு கீறேன். இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது இந்த ஒன்றரை முழக் காத்துதான்."

"ஏன், நான் தறியாண்ட காத்து வாங்கிக்கினா நிக்கறேன்?"

"உங்களுக்கு இன்னா, வாசல் இருக்குது. இப்பகூட திருச்சானூர் போய்க்கினுதான கீறீங்க."

பதில் தெரியாதபோது கத்துவது என் வழக்கம். கத்தினேன். தோசை கருகியது. கருகியதை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சரி. எழுதிக் குடுங்க. மேஸ்திரிகிட்ட படிச்சிக் காட்டறேன்."

மேஸ்திரி ஓபுலேசு ராயசோட்டிக்காரர். தெலுங்கு தவிர ஒரு சொல் தெரியாது. எனக்கோ தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழிலேயே எழுதினேன்:

சுவிட்ச் போர்டு – நாலு.
அலமாரித் தட்டு – ஐந்து.
சமையலறை ஜன்னல் – மூடு.

"இதுல ஒரு எழுத்து கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது. புரியுதா?"

"கூட்டமாட்டேன் நைனா" என்றாள்.

அவள் என்னை நைனா என்று கூப்பிட்டால் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

திருச்சானூர்க் கோயில் குளத்துப் படியில் நாலு நாள் உட்கார்ந்து கோபப்படாமல் இருந்தேன். கோபப்பட ஆள் இல்லாததால் சுலபமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை வீட்டுக்கு வந்தேன். சமையலறைக்குள் கால் வைத்தால் கண் கூசுகிறது. சந்துப் பக்கச் சுவரில் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஜன்னல்!

"ஓபுலேசு!" என்று அலறினேன்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தார். "மூடு கிடிகீலு. பாகுன்னாயா சார்?" நன்றாக இருக்கிறதா என்று என்னையே கேட்கிறார். சந்தேகம் வந்து இரண்டு தடவை எனக்குப் போன் செய்தாராம். ஆஃப்.

தெலுங்கில் கிடிகி என்றால் ஜன்னல். மூடு என்றால் மூன்று. இது நகரியில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஏண்டி! அவராண்ட இன்னாடி படிச்ச?"

"நீங்க எழுதினதத்தான். சுவிட்ச் போர்டு, நாலுகு. அரலு, ஐது. கிடிகி, மூடு."

"மத்ததெல்லாம் தெலுங்குல மாத்தினியே, மூடு மட்டும் ஏன் மாத்தல?"

"மாத்தாமயே அவருக்குப் புரிஞ்சிடுச்சே!"

"நான் அடைக்கச் சொன்னேண்டி!"

"அடைன்னு எழுதியிருந்தா அடைன்னு படிச்சிருப்பேன். ஒரு எழுத்து கூட்டக் கூடாதுன்னீங்க. கூட்டினேனா?"

மூன்று ஜன்னலிலும் காற்று வந்தது. அவள் நெற்றி முடி அசைந்தது. இருபத்தாறு வருடத்தில் அடுப்படியில் அது அசைந்து நான் பார்த்ததில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. தலைக்குள் இரண்டு தறியும் ஓடின.

"இப்ப எவ்ளோ அண்ணே? எரநூறா?" என்றாள் முதல் ஜன்னலில் சுந்தரி.

"அவனுக்கு உப்பக் குறைடி" என்றாள் இரண்டாம் ஜன்னலில் கமலம்மா.

"மாத்திரை துன்னாரா இல்லையா?" என்றாள் மூன்றாம் ஜன்னலில் மல்லிகா. இனி யாரும் எக்க வேண்டியதில்லை.

"வாய் மூடு!" என்று கத்தினேன்.

தேவசேனா ஜன்னல் ஜன்னலாக விரல் நீட்டி எண்ணினாள்.

"வாய், மூடு. சரியாத்தான் இருக்குது" என்றாள்.